ஓலை இழைப்பும் ஒரு முத்திரைதான்
தீவகப் பயணத்தில் இத்தாலிய வடிவமைப்பாளர்களை நினைத்து...

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவகத்துக்குப் போகும் பாதையின் இரு மருங்கும் ஆழமற்ற கடல். வலை கட்டிய தடிகள் தண்ணீரில் வரிசையாக நிற்கும். வேலணையை அடைந்ததும் பாதை பிரிகிறது. ஒன்று ஊர்காவற்றுறைக்கும், மற்றையது புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் செல்கிறது. குறிகட்டுவானில் படகேறினால் கால் மணித்தியாலமளவில் நயினாதீவு. ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் நெடுந்தீவு.

பெண்கள் குழுக்களுடன் வேலை செய்யும் சமூகப் பணியாளர் என்ற வகையில் மாதம் ஒரு தடவையேனும் நான் இப்பாதையில் போய்வருகிறேன். 1990, 1991ஆம் ஆண்டுகளில் இராணுவ நடவடிக்கைகளால் தீவக மக்களில் மிகப் பலர் இடம்பெயர்ந்தனர். அவர்களில் ஏராளமானோர் திரும்பி வரவில்லை. கூரையில்லாத கல்வீடுகளும் அவற்றின் சுவர்களைப் பிளந்து முளைத்த மரங்களும் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பனை நிற்கிறது. பனை நிற்கும் இடத்தில் ஓலை இழைக்கும் பெண்களும் இருக்கிறார்கள். இக்கட்டுரை அவர்களைப் பற்றியது. கூடவே, இத்தாலி நாட்டின் புகழ்பெற்ற ஆடை, பை, சப்பாத்து வடிவமைப்பாளர்களைப் பற்றியதும் ஆகும்.

இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கக்கூடும். அத்தொடர்பை எனக்கு எடுத்துத் தந்தவர் ஊர்காவற்றுறையைச் சேர்ந்த ஓர் அக்கா. குழுக்கூட்டம் ஒன்றுக்கு ஒரு தங்கை புதுப் பையொன்றுடன் வந்திருந்தாள். மெல்லிய தோல் கீலங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய பை. இத்தாலியில் பலேர்மோ நகரில் வேலை செய்யும் அவளது அண்ணன் அனுப்பியது. அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கட பெட்டிப் பின்னல்தானே பிள்ளை? ஓலைக்குப் பதிலாய்த் தோலிலை இழைச்சிருக்கினம்."

"இது அசல் இல்லை அக்கா, சந்தையிலை வாங்கினது. அசல் எண்டால் தான் மூண்டு நாலு மாதம் உழைச்ச காசு வேணும் எண்டு அண்ணா சொன்னவர்" என்றாள் தங்கை.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அக்கா கேட்டார்: "அப்ப நாங்கள் இழைச்சால் ஏன் அந்த விலை இல்லை?"

பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. அதைத் தேடியபோது அறிந்தவற்றையும், குழுக்களில் நாங்கள் பேசிக்கொண்டவற்றையும் தீவுப் பயணத்தின் ஒழுங்கிலேயே இங்கு எழுதுகிறேன்.

சிதைந்த நகரில் தொடங்கிய கதை

இன்று இத்தாலி என்றால் பாஷன் என்கிறோம். எப்போதும் அப்படி இருக்கவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் அந்நாடு சிதைந்து போனது. 1944 ஓகஸ்டில் புளோரன்ஸ் நகரை விட்டுப் பின்வாங்கிய ஜேர்மன் படையினர், ஆற்றின் மேலிருந்த பாலங்களில் பழைய பாலம் ஒன்றைத் தவிர மற்றவை யாவற்றையும் தகர்த்தனர். அந்நாட்களில் அழகான ஆடை என்றால் பிரான்சின் பாரிஸ் நகரம்தான். இத்தாலியத் தையற்காரர் பலர் பாரிஸ் மாதிரிகளைப் பார்த்துத் தைத்துக்கொடுத்து வந்தனர்.

1951 பெப்ரவரி 12ஆம் திகதி, ஜோவானி பத்திஸ்தா ஜோர்ஜினி என்ற வர்த்தகர், புளோரன்சிலுள்ள தமது வீட்டில் இத்தாலியருடைய ஆடைகளை மட்டும் காட்சிப்படுத்தினார். அமெரிக்கக் கடைகளின் கொள்வனவாளர்கள் சிலரே வந்திருந்தனர். ஆனால் அவர்கள் பார்த்தது பாரிஸின் நகல் அல்ல. அடுத்த ஆண்டு இக்காட்சி பித்தி அரண்மனையின் மண்டபத்துக்குப் போகுமளவுக்கு வளர்ந்தது. பாலங்கள் தகர்ந்து ஏழு ஆண்டுகளுக்குள் இது நடந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இதன் பின்னர் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்த அடையாளம் உண்டு. அதை நான் முத்திரை என்று சொல்கிறேன். முத்திரை என்பது பெயர் எழுதிய துண்டு மாத்திரமல்ல. பார்த்த உடனேயே 'இது இன்னாருடைய கை' என்று சொல்ல வைப்பது. எங்கள் தீவுகளிலும் கடகத்தின் விளிம்பைப் பார்த்தே அதை இழைத்தவரைச் சொல்லும் முதிய பெண்களைக் கண்டிருக்கிறேன். ஆகவே முத்திரை நமக்குப் புதியதன்று. அதற்கு விலை கேட்பதுதான் புதியது.

ஊர்காவற்றுறை: பதுவையின் அயலூர்

ஊர்காவற்றுறை பழைய துறைமுகம். பாய்க்கப்பல்கள் வந்துபோன இடம். கடலுக்குள் கடற்கோட்டை நிற்கிறது. இங்கிருந்து அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் படகுகள் போகின்றன. இங்குள்ள கத்தோலிக்கப் பெண்களுக்கு இத்தாலிய நகரமொன்று ஏற்கெனவே தெரியும். அது பதுவை. புனித அந்தோனியாரைப் 'பதுவைப் பதியர்' என்றுதான் அழைக்கிறோம். கச்சதீவிலும் பாலைதீவிலும் கடற்றொழிலாளர் திருவிழா எடுப்பதும் அவருக்கே.

அந்தப் பதுவைக்கு அயலிலுள்ள நகரம் விச்சென்சா. 1966இல் அங்கு தொடங்கிய தோற்பொருள் நிறுவனம் பொட்டேகா வெனெட்டா. தங்கையின் கையிலிருந்த பை இந்நிறுவனத்தின் பையைப் பார்த்துச் செய்த நகல். இதன் முத்திரை 'இன்ட்ரெச்சாதோ'. இத்தாலிய மொழியில் அதற்குப் பின்னல் என்பதே பொருள். அப்பகுதித் தையல் இயந்திரங்கள் துணி தைப்பதற்கு ஏற்றவையாக இருந்ததால் தடித்த தோலைத் தைக்க முடியவில்லை என்றும், மெல்லிய தோலைக் கீலமாக்கிப் பின்னியபோது அது உறுதியானது என்றும் சொல்லப்படுகிறது. பையின் வெளிப்புறத்தில் பெரிய எழுத்தில் பெயர் இல்லை. பின்னலே பெயர். அதற்கு ஆயிரக்கணக்கான யூரோ விலை.

ஊர்காவற்றுறை அக்காவின் வேலையைப் பாருங்கள். முற்றிய ஓலையை அவர் எடுப்பதில்லை. குருத்தோலையையும் சார்வோலையையும் வெட்டிப் பதமாகக் காயவைக்கிறார். ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, தண்ணீர் தெளித்து இளக்கி, அதன்பின்தான் இழைக்கத் தொடங்குகிறார். நீத்துப்பெட்டிக்கு ஒரு கணக்கு, சுளகுக்கு ஒரு கணக்கு, பனங்கட்டிக் குட்டானுக்கு வேறொரு கணக்கு. கடகம் என்றால் விளிம்பை மட்டை நாரால் பொத்த வேண்டும். பொத்திய கடகம் மண் சுமந்தாலும் கிழியாது. மெல்லிய பொருளைப் பின்னி உறுதியாக்கும் இந்த அறிவு விச்சென்சாவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் பொதுவானது. விச்சென்சாக்காரர் தமது பின்னலை ஆண்டுக்கணக்காக ஒரே தரத்தில் வைத்திருந்தார்கள். அவர்களுக்குச் சந்தை இருந்தது, முதல் இருந்தது. எங்கள் பெண்களுக்கு யுத்தமும் இடப்பெயர்வும்தான் இருந்தன.

பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைக்கப்பட்டது. அதன் பயிற்சிகளில் பழகிய பெண்கள் தீவுகள் தோறும் இருக்கின்றனர். எனினும் பயிற்சி முடிந்த பின்னர் பொருளை எங்கே, யாருக்கு, என்ன விலைக்கு விற்பது என்ற இடத்தில்தான் பலரும் தனித்து விடப்படுகின்றனர்.

நயினாதீவு: நாகத்தை அணிந்தவள்

குறிகட்டுவானில் படகேறும் பயணிகளில் பெரும்பாலானோர் நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலுக்கும், அருகிலுள்ள நாகவிகாரைக்கும் போகிறவர்கள். ஆனி மாதத் திருவிழாவில் தீவு கொள்ளாத சனம். நாகபூஷணி என்றால் நாகத்தை அணிகலனாகக் கொண்டவள் என்று பொருள். பயப்பட வேண்டிய பாம்பு அவளுக்கு ஆபரணமாகிறது.

இங்கு வரும்போதெல்லாம் எனக்கு ஜான்னி வெர்சாச்சியின் நினைவு வரும். அவர் 1946இல் இத்தாலியின் தென்கோடியிலுள்ள ரெஜ்ஜோ கலாப்ரியாவில் பிறந்தார். அவரது முத்திரை மெடூசாவின் தலை. கிரேக்கக் கதையில் வரும் அப்பெண்ணின் கூந்தல் முழுவதும் பாம்புகள். அவளைப் பார்த்தவர் கல்லாகிவிடுவார். தென் இத்தாலியில் முற்காலத்தில் கிரேக்கர் குடியேறியிருந்தனர். தாம் பிறந்த மண்ணின் பழங்கதையையே வெர்சாச்சி பளபளக்கும் பட்டுக்கும் பொன்னிறக் கரைக்கும் அடையாளமாக்கினார். அவருக்குத் தொழில் பழக்கியது தாயாரின் தையற்கடை. தாயார் பிரான்செஸ்கா அவ்வூர்ப் பெண்களுக்கு உடை தைத்துக் கொடுத்தவர். துணி வெட்டும் மேசையைச் சுற்றி வளர்ந்த பிள்ளை உலகப் புகழ் பெற்றது. 1997இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபின் வடிவமைப்புப் பொறுப்பை ஏற்றவர் தங்கை டொனத்தெல்லா.

எங்கள் குழுப் பெண்களில் பலர் தையல் இயந்திரத்தில் பிள்ளைகளை வளர்த்தவர்கள். 'சும்மா வீட்டிலை இருந்து தைக்கிறன்' என்றுதான் தம்மைப் பற்றிச் சொல்வார்கள். அந்தச் 'சும்மா' என்ற சொல்லை நாங்கள் விட வேண்டும்.

கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள கடைகளில் பனங்கட்டி, ஒடியல், ஓலைப் பொருட்கள் விற்கப்படுகின்றன. பக்கத்திலேயே பிளாஸ்ரிக் கூடைகளும் தொங்குகின்றன. தெற்கிலிருந்து வரும் யாத்திரிகர் ஓலைப் பெட்டியைக் கையில் எடுத்து, விலை கேட்டு, வைத்துவிட்டுப் போவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். இது யார் செய்தது, எத்தனை நாள் வேலை என்று அவர்களுக்குச் சொல்ல அப்பெட்டியில் ஒன்றுமில்லை.

கடல்வழி: தங்கூசியும் சப்பாத்தும்

நெடுந்தீவுக்கான படகில் பேச்சுக் குறைவு. அலைச்சலால் மட்டும் அல்ல. 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் கொல்லப்பட்டனர். அந்நாளை நெடுந்தீவு மக்கள் இன்றும் நினைவுகூருகின்றனர். இக்கடலைக் கடக்கும் பெண்களில் பலருக்கு அது சொந்தக் குடும்பத்தின் கதை. ஆயினும் ஆசுபத்திரிக்கும் சந்தைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் இக்கடலைத்தான் கடக்க வேண்டும்; கடக்கிறார்கள்.

படகுத் துறையில் தங்கூசி வலையைச் செப்பமிடும் பெண்களைக் காணலாம். தங்கூசி, தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத நைலோன் நூல். இதே நூலிலிருந்து ஒரு பெரும் புகழ் பிறந்தது என்று சொன்னபோது முதலில் எவரும் நம்பவில்லை.

சல்வத்தோரே பெரகாமோ 1898இல் தென் இத்தாலியில் பொனித்தோ என்ற சிற்றூரில், பதினான்கு பிள்ளைகள் கொண்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தங்கையின் முதல் நன்மைக்குப் போடச் சப்பாத்து வாங்க வீட்டில் காசில்லை. ஒன்பது வயதுச் சிறுவன் தானே ஒரு சோடி செய்துகொடுத்தான் என்பது அவரே சொன்ன கதை. பின்னர் அமெரிக்கா சென்று ஹொலிவூட் நடிகையருக்குச் சப்பாத்துச் செய்து, 1927இல் திரும்பி வந்து புளோரன்சில் குடியமர்ந்தார்.

1935இல் இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்தது. அதற்குத் தண்டனையாக இத்தாலி மீது சர்வதேசப் பொருளாதாரத் தடை வந்தது. ஆட்சியாளரின் குற்றத்துக்கான தடை சாதாரண சப்பாத்துப் பட்டறைக்குள்ளும் புகுந்தது. குதிச் சப்பாத்தின் நடுவே வைக்கும் நல்ல உருக்குக் கிடைக்கவில்லை. பெரகாமோ தக்கையை அடுக்கி ஒட்டி, பாதம் முழுவதையும் தாங்கும் ஆப்பு வடிவக் குதியைச் செய்தார். இன்று நம் கடைகளில் தொங்கும் 'வெட்ஜ்' செருப்பின் தொடக்கம் அதுதான். நல்ல தோலும் அரிதானபோது வைக்கோற் பின்னல், ரபியா நார், சொக்லேட் சுற்றும் கண்ணாடித் தாள் என்று கைக்கு எட்டியதையெல்லாம் மேற்பகுதிக்குப் பாவித்தார். 1947இல் மீன்பிடி நைலோன் நூலால் மேற்பகுதி அமைத்து, காலில் ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும் செருப்பைச் செய்தார். அவ்வாண்டே அமெரிக்காவில் அவருக்கு நெய்மன் மார்க்கஸ் விருது கிடைத்தது.

அதே 1947இல் புளோரன்சின் இன்னொரு பட்டறையான குச்சியில், யுத்தத்துக்குப் பின்னர் மூலப்பொருள் தட்டுப்பாடு நிலவிய வேளையில், மூங்கிலைச் சூட்டில் வளைத்துக் கைப்பைக்குப் பிடி செய்தனர். அந்த மூங்கிற் பிடி இன்றும் குச்சியின் முத்திரை.

பொருளாதாரத் தடை என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1990களில் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாம் அரிய பொருட்களாகின. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு எங்கள் தாய்மார் விளக்கேற்றினர். பனங்காய்க் களியில் துணி துவைத்தனர். பெரகாமோவின் தக்கைக் குதியும் எங்கள் ஜாம் போத்தல் விளக்கும் ஒரே அறிவின் பிள்ளைகள். ஒன்று நூதனசாலையில் இருக்கிறது. மற்றது சமாளிப்பு என்று சொல்லி மறக்கப்பட்டது.

இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பெரகாமோ இறந்த பிறகு வருவது. 1960இல் அவர் காலமானபோது மனைவி வாண்டாவுக்கு 38 வயது, ஆறு பிள்ளைகள். அதற்கு முன் அவர் வெளியே வேலைக்குப் போனதில்லை. அவர் நிறுவனத்தைப் பொறுப்பேற்றுப் பல தசாப்தங்கள் நடத்தினார். தந்தையிடம் இளவயதிலேயே தொழில் பழகிய மூத்த மகள் பியம்மா சப்பாத்துகளை வடிவமைத்தார். வாண்டா 2018இல், 96ஆவது வயதில் மறைந்தார். அவருக்கு ஒரு பட்டறையும் பெயரும் மிஞ்சியிருந்தன. எங்கள் பெண்களில் பலருக்கு வீட்டின் கூரையே மிஞ்சவில்லை. இந்த வேறுபாட்டை மறைக்கக்கூடாது. ஆனால் 'புருஷன் இல்லாதவளால் என்ன செய்யமுடியும்' என்று கேட்பவருக்குச் சொல்ல நெடுந்தீவிலும் புளோரன்சிலும் எங்களிடம் பதில் உண்டு.

நெடுந்தீவு: சிவப்பு, கறுப்பு, வெள்ளை

நெடுந்தீவில் இறங்கியதும் கண்ணில் படுவது முருகைக்கல் வேலிகள். சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல் அடுக்கியவை. வெளியில் குதிரைகள் மேய்கின்றன, பெருக்கமரம் நிற்கிறது, பழைய கோட்டையின் இடிபாடு இருக்கிறது. ஒல்லாந்தர் இத்தீவுக்குத் தமது நாட்டு நகரமொன்றின் பெயரை வைத்து 'டெல்ப்ற்' என்றனர்.

அவர்கள் இங்கு தேடிய பொருட்களில் ஒன்று சாயவேர். மணற்பாங்கான தரையில் வளரும் சிறு செடியின் வேர் அது. துணிக்கு மங்காத சிவப்புச் சாயம் தருவது. யாழ்ப்பாணத்திலும் தீவுகளிலும் மன்னாரிலும் சாயவேர் தோண்டுவதைக் கட்டாய ஊழியமாக்கி, வாணிபத்தை ஒல்லாந்தர் தம் கையில் வைத்திருந்தனர். வேர் தோண்டியவர் ஒடுக்கப்பட்ட மக்கள். 1868இல் அதே நிறத்தை இரசாயன முறையில் செய்யும் வழி ஜேர்மனியில் கண்டறியப்பட்ட பின் வேர்ச் சாயங்களின் காலம் மங்கியது.

இத்தாலியிலும் சிவப்பால் பெயரெடுத்தவர் உண்டு. 1932இல் பிறந்து ரோமில் தமது நிறுவனத்தை அமைத்த வலென்டினோவின் முத்திரை சிவப்பு. பார்சலோனாவின் இசைநாடக அரங்கில் சிவப்பு உடுத்த பெண்களைக் கண்டதே தமக்குத் தூண்டுதல் என்று அவர் கூறியிருக்கிறார். 'வலென்டினோ சிவப்பு' என்று ஒரு நிறத்துக்கே அவர் பெயர் வந்தது. தீவகத்துச் சிவப்புக்கு மட்டும் அதைத் தோண்டியவருடைய பெயர் ஒட்டவில்லை.

கறுப்புக்கு வருவோம். சிசிலித் தீவுக்காரரான டொமெனிக்கோ டொல்ச்சே ஒரு தையற்காரரின் மகன். ஸ்தெபனோ கபானாவுடன் சேர்ந்து டொல்ச்சே–கபானா என்ற பெயரில் 1985இல் முதலாவது பெண்கள் ஆடைக் காட்சியை நடத்தினார். சிசிலியின் கிராமங்களில் கணவனை இழந்த பெண்கள் வாழ்நாள் முழுவதும் கறுப்பு உடுத்தினர். அந்தக் கறுப்பு உடையையும் லேசையும் எடுத்து, உடல் வடிவு தெரிய அழகான ஆடையாக்கியதே இவ்விருவரின் முத்திரை. துக்கத்தின் சீருடை விழாவுக்கு உடுத்தும் உடையாயிற்று.

இதை நெடுந்தீவில் சொன்னபோது கூட்டத்தில் சிறிது நேரம் அமைதி. எங்கள் சமூகம் கைம்பெண்ணுக்குக் கொடுத்தது வெள்ளைச் சேலை. பொட்டில்லை, பூவில்லை, மங்கல காரியத்தில் முன்வரிசை இல்லை. ஓர் அம்மா சொன்னார்: "சிவப்புச் சாயத்திலை ஓலை தோய்ச்சு நாள் முழுக்க இழைக்கிறன் பிள்ளை. கை முழுக்கச் சிவப்பு. சேலை மட்டும் சிவப்பாய் இருக்கக்கூடாதாம்." பக்கத்திலிருந்த இளம் பெண்ணொருத்தி, "நான் உடுக்கிறனான் அம்மா. முதல் கதைப்பினம். பிறகு அவைக்கே அலுத்துப்போடும்" என்றாள். எந்த நிறத்தை யார் உடுக்கலாம் என்பதைத் தீர்மானித்தது சமூகமே. நாமும் அச்சமூகத்தில் ஒரு பகுதிதான்.

யுத்தம் தொட்ட இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஜோர்ஜோ அர்மானி 1934இல் பியாச்சென்சாவில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோது, யுத்தம் விட்டுச்சென்ற வெடிபொருள் வெடித்ததில் கடும் எரிகாயங்களுக்கு ஆளாகி வைத்தியசாலையில் கிடந்தார். 1975இல் தமது நிறுவனத்தைத் தொடங்கினார். கோட்டுக்குள் இருந்த தடித்த உள்துணியையும் தோள் பஞ்சையும் நீக்கி, உடம்போடு இசைந்து போகும் மென்மையான கோட்டு ஆக்கியதே அவரது முத்திரை. சாம்பலும் மண்ணிறமும் கலந்த அமைதியான நிறங்களை விரும்பினார். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அந்தக் கோட்டு இயல்பாகவும் மதிப்பாகவும் இருந்தது. 2025 செப்ரெம்பரில் அவர் காலமானார்.

பெயருக்குப் பின்னால் இருக்கும் கைகள்

இவ்வளவையும் சொல்லி, இத்தாலியில் எல்லாம் நேர்மையாக நடக்கிறது என்று முடித்தால் அது உண்மையாகாது. 2024 ஏப்ரலில், அர்மானி குழுமத்தின் உற்பத்தி நிறுவனமொன்றை மிலான் நீதிமன்றம் நிருவாகியின் மேற்பார்வையில் வைத்தது. உப ஒப்பந்தம் பெற்ற பட்டறைகளில் தொழிலாளர் சுரண்டப்பட்டதைத் தடுக்கத் தவறியது என்பதே காரணம். 2025 பெப்ரவரியில் அம்மேற்பார்வை நீக்கப்பட்டது. புகழ்பெற்ற பெயரின் கீழும் பெயரில்லாத கைகள் இருக்கின்றன. வெளிநாட்டுப் பெயர்த் துண்டுகளைத் தைக்கும் எங்கள் ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆகவே முத்திரை நல்லதா, கெட்டதா என்பது கேள்வியல்ல. யாருடைய முத்திரை, அதன் பயன் யாருக்கு என்பதே கேள்வி. சென்ற ஆண்டு நெடுந்தீவுக் குழுவொன்றில் இக்கேள்வி நேராகவே வந்தது. கொழும்பு வியாபாரி ஒருவர் மூடியுள்ள பெட்டிகள் 200 வேண்டும் என்றார். விலை குறைவு. பெட்டியின் அடியில் அவருடைய கடைப் பெயர் மட்டுமே இருக்கும் என்பது நிபந்தனை.

"பேரை வைச்சு என்ன செய்யிறது மிஸ்? மாதம் முடிய எனக்கு லோன் கட்டவேணும்" என்றார் ஒருவர். அவர் சொன்னதில் பிழையில்லை.

"இண்டைக்குக் குறைச்சுக் குடுத்தால் நாளைக்கும் அதுதான் விலை எண்டு நிப்பினம்" என்றார் மற்றவர்.

அன்று நாங்கள் செய்தது கணக்குப் பார்த்ததுதான். ஒரு பெட்டிக்கு எத்தனை ஓலை, சாயத்துக்கு எவ்வளவு, வார்வதற்கு எத்தனை மணித்தியாலம், இழைப்பதற்கு எத்தனை, படகுக் கூலி என்ன, பழுதாகிப் போவது எவ்வளவு என்று எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினோம். தமது நேரத்தை எழுத வேண்டும் என்றபோது பலருக்கு ஆச்சரியம். அதுவரை ஓலைக்கும் சாயத்துக்கும் மட்டுமே அவர்கள் கணக்கு வைத்திருந்தனர். எழுதி முடித்தபோது, வியாபாரி சொன்ன விலையில் தமது உழைப்புக்கு அநேகமாக ஒன்றும் மிஞ்சாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

பின்னர் பெண்களே ஓர் அடையாளத்தைத் தீர்மானித்தனர். மூடியின் விளிம்பில் ஒரேயொரு சிவப்பு ஓலை, முருகைக்கல் வேலியின் அடுக்குப் போல ஏறியிறங்கிச் செல்லும். உள்ளே ஒரு சிறு துண்டில் ஊரின் பெயரும் குழுவின் பெயரும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே அளவு, ஒரே தரம். இதற்கு உடன்பட்டால் விலை இது என்று வியாபாரிக்குச் சொல்லப்பட்டது.

அவர் 200 கேட்டவர்; 80தான் எடுத்தார். லோன் கட்ட வேண்டியிருந்த சகோதரி, பெயரில்லாத பெட்டிகளைத் தனியாக அவருக்கே இழைத்துக் கொடுத்தார். குழு அவரைக் குறை சொல்லவில்லை. அடுத்த மாதம் சேமிப்பிலிருந்து ஒரு தொகையை அவருக்குக் கடனாகக் கொடுத்தது. 80 பெட்டிகளும் விற்று முடிந்து, அதே சிவப்பு விளிம்புடன் இன்னும் 60 வேண்டுமென்று மூன்று மாதத்தில் செய்தி வந்தது. இப்போது அந்தச் சகோதரியும் கொப்பியில் தம் மணித்தியாலங்களை எழுதுகிறார்.

வாசிக்கும் சகோதரியே, நீங்கள் வன்னியில் பாய் இழைப்பவராக இருக்கலாம். மட்டக்களப்பில் தறியில் அமர்பவராகவோ மன்னாரில் கருவாடு காயவைப்பவராகவோ இருக்கலாம். உங்கள் தாயார் செய்த ஒரு விளிம்பு, ஒரு முடிச்சு, ஒரு பக்குவம் உங்களிடம் இருக்கும். அதை உங்கள் குழுவில் எடுத்துச் சொல்லுங்கள். ஒரு கொப்பி வாங்குங்கள். முதலில் உங்கள் நேரத்தை எழுதுங்கள், அதன்பின் விலையைச் சொல்லுங்கள்.